இருபத்தேழாவது கேள்வி

வெய் சாய்லியனுக்கு இங்கிலீஷில் ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. அப்படிப்பட்டவளைப் பிடித்து இங்கிலீஷ் பரீட்சைத் தாளில் ஏற்றி, நகரத்தின் பதினோரு பள்ளிப் பிள்ளைகளும் படித்து விடை எழுதும்படி செய்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றக்கூட இல்லை.

சேதியைக் கொண்டுவந்தவள் பக்கத்து அறை லூ அக்கா. பள்ளிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அந்த மூன்று மாடிக் கட்டிடம் முழுக்க, பிள்ளையின் படிப்புக்காக ஊரை விட்டு வந்து வாடகை அறையில் கிடக்கும் தாய்மார்கள்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேஜை. மேஜை பிள்ளைக்கு. புருஷன்மார் எல்லாம் குவாங்தோங் பக்கம் தொழிற்சாலைகளில் இருந்தார்கள், புத்தாண்டுக்குப் புத்தாண்டு முகம் காட்டுவார்கள். பள்ளி விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவேளைதான் வெளியே வந்து சாப்பிட அனுமதி. சாய்லியன் புளித்த மூங்கில் குருத்து போட்டு வாத்துக்கறி வதக்கிக்கொண்டிருந்தபோது லூ அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"ஏய் சாய்லியன், நீ பரீட்சைத் தாள்ல வந்திருக்கியாமே. எம் பையன் ஷாவ்பெங் சொன்னான். வேலிக்கு மேல சோறு குடுக்கற அம்மான்னு போட்டிருக்காம். இந்த ஊர்ல சிவப்பு ஸ்டூல் போட்டு ஏறி நிக்கறவ வேற யாரு இருக்கா?"

"என்னையா? நான் என்ன பண்ணினேன்?"

"அதத்தான் கேள்வியா கேட்டிருக்காங்க. நீ ஏன் சமையல்கட்டு வேலைய விட்டேன்னு. இவன் தப்பா போட்டுட்டானாம். இப்ப தப்பு நோட்டுல எழுதணும், எது சரி, ஏன் சரின்னு காரணத்தோட. பேனாவைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். காரணமே வரமாட்டேங்குதாம்."

தப்பு நோட்டு என்பது அந்தப் பள்ளியில் சாப்பாட்டுக் கிண்ணம் மாதிரி. அது இல்லாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் தவறவிட்ட கேள்வியைப் பிரதியெடுத்து, 'என் விடை', 'சரியான விடை', 'காரணம்' என்று மூன்று வரி சிவப்பு மையில் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

சாய்லியன் அடுப்பை அணைத்தாள். மேஜையில் உட்கார்ந்திருந்த மகள் மின்யூவைப் பார்த்தாள். பெண் நிமிரவே இல்லை.

"மின்யூ, அந்தத் தாள எடு."

"அது சும்மா ஒரு கதைம்மா. சாப்பிடலாம், பசிக்குது."

"கதை கேட்டுட்டு சாப்பிடலாம். எடு."

மின்யூ பையிலிருந்து தாளை எடுத்தாள். வரிக்கு வரி சொல்லச் சொல்லி சாய்லியன் கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள். தினமும் பகல் பன்னிரண்டே காலுக்குப் பள்ளியின் இரும்பு வேலிக்கு வெளியே, சிவப்பு ஸ்டூலின் மேல் ஒரு தாய் ஏறி நிற்கிறாளாம். அவள் கைகள் சொரசொரப்பானவையாம், ஆனால் கதகதப்பானவையாம். ஒரு காலத்தில் அவள் இதே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாளாம். ஒரு வசந்தகால நாளில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாளாம், தன் நேரம் முழுவதையும் மகளுக்கே கொடுப்பதற்காக. வெயிலோ மழையோ, அவள் முகத்தில் புன்னகை மாறாதாம். அவள் ஒருபோதும் எதைப் பற்றியும் குறை சொன்னதில்லையாம்.

"நிறுத்து. கடைசி வரிய மறுபடி சொல்லு."

"ஒருபோதும் எதைப் பத்தியும் குறை சொன்னதில்ல."

சாய்லியனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவளை வேலையிலிருந்து தூக்கியதே குறை சொன்னதற்காகத்தான். மார்ச் மாதம் அது. உறைபெட்டியிலிருந்து எடுத்த பன்றிக்கறி ஓரமெல்லாம் பச்சை பாய்ந்து, மூக்கை அறுக்கும் நாற்றம் நாறியது. இதைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாள். மிளகாய் கூடப் போட்டால் தெரியாது என்றான் அவன். அந்த வாரம் பள்ளிக் கழிப்பறைகளில் வகுப்பு வகுப்பாக வரிசை நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்த பிறகு சாய்லியன் வாசலில் வந்து நின்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மூன்றாம் நாள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மேலங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் வேலியும் ஸ்டூலும். அந்தச் சமையலறைச் சோற்றைத் தன் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். விடியற்காலையில் ஒரு நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவப் போகிறாள். நேரம் முழுவதும் மகளுக்காம்.

"நான் கரண்டிய கீழ வச்சேனா? கையிலேர்ந்து பிடுங்கினாங்க. அப்புறம் யாருடி சிரிச்சா? அந்த ஸ்டூல்ல ஏறினா எனக்கு முட்டி பிராணன் போவுது. பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்கறேன். அது சிரிப்பா?"

லூ அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாய்லியன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கேள்வியப் படி."

மின்யூ படித்தாள். இருபத்தேழாவது கேள்வி. அந்தத் தாய் சமையலறையை விட்டது ஏன்? ஏ, சம்பளம் போதவில்லை. பி, மகளின் படிப்புக்கு நேரம் கொடுக்க. சி, பள்ளி அவளை அனுப்பிவிட்டது. டி, உடம்பு சரியில்லை.

"சி எழுதத் தெரிஞ்சிருக்குல்ல. அப்ப நடந்தது தெரிஞ்சுதானே எழுதியிருக்காங்க."

"தப்பான விடையும் நிஜம் மாதிரி இருக்கணும்மா. அப்பதான் படிக்காதவன் மாட்டுவான். அப்படித்தான் கேள்வி எடுப்பாங்க. தாள்படி பி தான் சரி."

"யாரு எடுத்தது?"

"பான் டீச்சர். நகரத்துக்கே பொதுத் தாள். இந்தத் தடவை நம்ம ஊர்லேர்ந்து நல்ல விஷயமா ஒண்ணு எழுதணும்னு கேட்டாங்களாம்."

நீ என்ன போட்டாய் என்று சாய்லியன் கேட்கவில்லை. கேட்பானேன்? தாயை அனுப்பிய அன்றைக்கு மேலங்கி இல்லாமல் அவள் வாசலைக் கடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவள்தான் மின்யூ. அந்தக் கேள்வியில் ரெண்டரை மார்க் போயிருக்கும். போயும் பெண் நாற்பத்தெட்டாவது இடத்தில் நின்றிருக்கிறாள். முதல் ஐம்பது பேருக்குத்தான் ராக்கெட் வகுப்பு. ஒவ்வொரு மாதப் பரீட்சைக்கும் பட்டியல் மாறும். ஐம்பத்தொன்று வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ் மாடிக்குப் போக வேண்டியதுதான். நல்ல ஆசிரியர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வகுப்புக்கே. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான். இந்த அறை வாடகை, புருஷனின் பனியன் தொழிற்சாலை, அவளுடைய முட்டி எல்லாமே அந்த ஐம்பதுக்குள் ஒரு நாற்காலிக்காகத்தான். மின்யூ சாப்பிட்ட கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, குழாயடிக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். பெரிய அரங்கில் பெற்றோர் நாற்காலிகளில், பிள்ளைகள் பின் சுவரோரம் வரிசையாக. ஒவ்வொருவர் கையிலும் பிள்ளையின் மதிப்பெண் சீட்டு. சாய்லியன் தன் சீட்டில் நாற்பத்தெட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மேடையில் துணைத் தலைமையாசிரியர் தெங் மூடி போட்ட டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பான் டீச்சர் திரையில் அட்டவணைகளைக் காட்டி விளக்கினாள். எந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகள் எப்படிப் போட்டார்கள் என்று இயந்திரம் எண்ணிக் கொடுத்த கணக்கு அது. பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்டிருந்தார்கள்.

"இருபத்தேழ பாருங்க," என்றாள் பான் டீச்சர். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மத்த பத்து பள்ளியிலயும் நூத்துக்கு மூணு பேர்தான் சி போட்டிருக்காங்க. நம்ம பள்ளியில அறுநூத்தி இருபது பேர்ல முன்னூத்திப் பன்னெண்டு பேர். சுலபமான கேள்வி. விடை அந்தப் பத்தியிலயே இருக்கு. நம்ம பிள்ளைங்க கண்ணால படிக்கல. ஞாபகத்தால படிச்சிருக்காங்க."

சாய்லியன் எழுந்து நின்றாள்.

"எந்த ஞாபகம், டீச்சர்?"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. பான் டீச்சருக்கு முகம் வெளுத்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. அந்த சி-ல என்ன எழுதியிருக்குன்னு நம்ம பாஷையில கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"ஐயோ... மின்யூ அம்மா, கூட்டம் முடிஞ்சதும் நாம தனியா..."

"தனியாத்தான் எழுதினீங்க. படிக்கறதையாவது கூட்டத்துல படிங்க."

பான் டீச்சர் தெங்கைப் பார்த்தாள். அவர் கோப்பை மூடியைத் திறந்து டீயைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள் படித்தாள். "பள்ளி அவளை அனுப்பிவிட்டது."

"இதத்தான் முன்னூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க போட்டாங்க. அவங்க வயித்துக்குத் தெரியும். இதப் போட்டதுக்கு ஆளுக்கு ரெண்டரை மார்க் புடுங்கிட்டு, பி தான் சரின்னு காரணம் வேற எழுதச் சொல்றீங்க. என்ன காரணம் எழுதும் அது?"

பின் சுவரோரம் யாரோ ஒரு பையன் சிரித்தான். பெற்றோர் வரிசையிலும் முணுமுணுப்பு எழுந்தது. லூ அக்கா, "கேளு, கேளு," என்று பின்னாலிருந்து சாய்லியனின் முழங்கையை இடித்தாள்.

"நான் உங்களப் பாராட்டித்தான் எழுதினேன்," என்றாள் பான் டீச்சர். அழுதுவிடுவாள் போலிருந்தது. "உங்களப் பாத்து எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு. நிஜமா."

"பாராட்டா? நான் வாயத் தொறந்து சொன்னது ஒரே ஒரு விஷயம். அதுக்காக அனுப்பினதத் தப்பு விடைன்னு போட்டுட்டு, குறையே சொன்னதில்லன்னு எழுதறது பாராட்டா? அந்தக் கறிய நீங்க தின்னீங்களா, டீச்சர்? ஆசிரியர் பந்திக்கு அது வரல. எனக்குத் தெரியும், நான்தானே வெட்டினேன்."

இப்போது சிரிப்பு இல்லை. பான் டீச்சர் கையிலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினாள்.

"எனக்கு வேலை வேணாம்," என்றாள் சாய்லியன். "அந்தக் கேள்விய எடுத்துடுங்க. மார்க்க பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

அப்போதுதான் தெங் வாயைத் திறந்தார். கோபமே இல்லை அந்த மனிதருக்கு. இப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் வராது. கோபப்பட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருப்பதில்லை.

"தாராளமா எடுக்கலாம், மின்யூ அம்மா. கேள்விய ரத்து பண்ணினா எல்லாருக்கும் ரெண்டரை மார்க் வந்துடும். ஆனா ஒண்ணு. ஏற்கெனவே சரியா போட்டவங்களுக்கு ஒண்ணும் ஏறாது. மத்தவங்க ஏறி மேல போயிடுவாங்க. உங்க கையில இருக்கற சீட்டக் கொஞ்சம் பிரிச்சிப் பாருங்க. இருபத்தேழுல உங்க பொண்ணு என்ன போட்டிருக்கான்னு."

சாய்லியன் சீட்டைப் பிரித்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள். விரலை வைத்துத் தேடி இருபத்தேழைக் கண்டுபிடித்தாள். பி.

மறுபடி பார்த்தாள். அதே பி தான். திரையில் சரி என்று பச்சை நிறத்தில் மின்னிய அதே எழுத்து.

தெங் மடிக்கணினியில் எதையோ தட்டினார். "இப்ப நாப்பத்தெட்டு. ரத்து பண்ணினா அறுபத்தொண்ணு. ராக்கெட் வகுப்புலேர்ந்து இறங்கணும். நீங்களே சொல்லுங்க. தாயோட விருப்பந்தான்."

எவ்வளவு பதவிசாகச் சொன்னார். கறியைப் போட்டவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மறைத்தவனுக்கும் இல்லை. கேட்க வந்தவள் தன் பெண்ணின் நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கி வெளியே வைக்க வேண்டுமாம். அரங்கம் முழுவதும் சாய்லியனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நாக்கு எழவில்லை. மேற்பார்வையாளனிடம் எழுந்த நாக்கு, வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எழுந்த நாக்கு, இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சீட்டை மடித்தாள். மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

முழங்கையை இடித்த லூ அக்காகூடக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் ஒரு தாய்தானே.

"சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்," என்றார் தெங்.

"ரத்து பண்ணுங்க, சார்."

பின் சுவரோரத்திலிருந்து வந்தது அது. மின்யூ ஒரு அடி முன்னால் வந்து நின்றிருந்தாள். கைகள் பக்கவாட்டில் விறைத்திருந்தன.

"இது பெரியவங்க பேசற விஷயம்," என்றார் தெங்.

"பரீட்சை எழுதினது நான், சார். நான் போட்டது தப்பு. எனக்குத் தெரிஞ்சே போட்டேன். அது எங்க அம்மா. அவங்கள பள்ளிக்கூடந்தான் அனுப்பிச்சிது."

முதலில் கைதட்டியது ஷாவ்பெங். லூ அக்காவின் பையனுக்கு எப்போதும் அவசரம். அப்புறம் சுவரோரம் முழுவதும் தட்டியது. பெற்றோரில் சிலரும் தட்டினார்கள், சிலர் தங்கள் சீட்டை எடுத்து ரெண்டரை கூட்டிப் பார்த்தார்கள். பெற்றோர் அப்படித்தான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். 'இருபத்தேழாவது வினாவின் விடைகள் தெளிவின்றி இருந்ததால் அது ரத்து செய்யப்படுகிறது.' அவ்வளவுதான். கறியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுப்பியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெளிவில்லையாம். அந்தத் தாளில் இருந்த நாற்பது கேள்விகளிலும் அதைப் போலத் தெளிவான விடை வேறொன்று கிடையாது. சாய்லியன் வேலிக்கு வெளியே ஸ்டூலில் நின்றபடி அதை லூ அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, தெருவே திரும்பும்படி திட்டினாள். கேட்டில் நின்ற காவலாளி காது கேட்காதவன் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மின்யூ அறுபத்தொன்று. புத்தகப் பெட்டியை நான்காம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறக்கினாள். இன்னொரு பெட்டியை ஷாவ்பெங் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு இருநூற்றுச் சொச்சம் இடம், ராக்கெட் வகுப்பின் படியை அவன் மிதித்ததே அன்றைக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க வேலிக்கு மேலாகச் சாப்பாடு போனது, காலிப் பாத்திரம் வந்தது. தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பெண் கோபமாக இருக்கிறாள் என்று தாய் நினைத்தாள். தாய் கோபமாக இருக்கிறாள் என்று பெண் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்யூ அறைக்கு வந்தாள். சாய்லியன் முட்டையும் தக்காளியும் வதக்கி எதிரில் வைத்தாள். பெண் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏன்டி பி போட்ட?"

மின்யூ குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

"முதல்ல சி கட்டத்தத்தான் கறுப்பாக்கினேம்மா. அப்புறம் அழிச்சேன். உன் வேலைய எடுத்தாங்க. சிரிச்சேன்னு எழுதி உன் பேரையும் எடுத்தாங்க. அதுக்கு மேல எங்கிட்டேர்ந்து ரெண்டரை மார்க்கும் எடுக்கணுமா? தரமாட்டேன்னு ஆத்திரமா வந்துது. அதான் பி போட்டேன். போட்டதுலேர்ந்து நல்லா தூங்கல."

அந்த ஆத்திரம் யாருடையது என்று சாய்லியனுக்கு நன்றாகவே தெரிந்தது. அவளுடையதேதான், அப்படியே இறங்கியிருந்தது.

"நானும்தான் உக்காந்துட்டேன்," என்றாள். "அத்தனை பேர் முன்னாடி. அந்த ஆளு ஒரு நம்பரச் சொன்னான், உக்காந்துட்டேன்."

"எனக்காகத்தானே உக்காந்த."

"அதத்தான் சொல்றேன். பிள்ளையக் காட்டித்தான் எல்லாரையும் உக்கார வைக்கறாங்க."

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். மின்யூ மேஜையைத் துடைத்தாள். பையிலிருந்து தப்பு நோட்டை எடுத்து விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தாள். இங்கிலீஷ் கேள்வி ஒன்றைப் பிரதியெடுத்தாள். அடியில் மூன்று வரிக்கு இடம் விட்டாள்.

"என்னடி எழுதற? ரத்து பண்ணின கேள்விதானே அது? ரத்து பண்ணாட்டியும் உனக்கு அது சரிதானே?"

"தப்பும்மா." மின்யூ எழுதியதைப் படித்துக் காட்டினாள். "என் விடை, பி. சரியான விடை, சி. காரணம்..."

அங்கே நிறுத்தினாள். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தாயைப் பார்த்தாள்.

"காரணத்த நீ சொல்லு. நான் இங்கிலீஷ்ல எழுதிக்கறேன். நாளைக்குப் பான் டீச்சர்கிட்ட கையெழுத்துக்கு வைக்கணும்."

சாய்லியன் ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மார்ச் மாசம், ஒம்பதாந்தேதி," என்றாள். "காலையில ஆறு மணி. எழுதிட்டியா? உறைபெட்டியத் தொறந்தது நான்."